கூலி கேட்காத தகைவிலான்

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, கிரேக்கத் தீவுகளில் தபால்காரர்கள் எல்லாம் பறவைகள்தான். நல்ல செய்தி கொண்டுவந்தால் பரிசு உண்டு. அந்தப் பரிசுக்குப் பெயர் எவாங்கெலியோன். கவனியுங்கள், செய்திக்கு அல்ல, பரிசுக்கு! நம் கிறிஸ்தவ சபைகளில் அந்தச் சொல்லையே பெயராகச் சூட்டிக்கொண்டு ஓடியாடும் இவாஞ்சலின்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

இந்த வழக்கத்தைக் கெடுத்தது கடற்காகம். "முதலில் பரிசு, பிறகுதான் பேச்சு" என்று அது சட்டம் போட்டது. மற்ற பறவைகளுக்கு வலிக்குமா என்ன? எல்லாம் தலையாட்டிவிட்டன.

ஒரு தீவில் தெயானோ என்று ஒரு பெண். அவள் புருஷன் நிக்கோன் கடலுக்குப் போய் மூன்று வருஷம் ஆகியும் திரும்பவில்லை. செத்துப்போனான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. கொழுந்தன் பிலோன் உடலில்லாத வெற்றுக் கல்லறை ஒன்றையும் வெட்டி வைத்துவிட்டான். குறித்த நாளின் உச்சிப்பொழுதில் தெயானோ கூந்தலை அறுத்து அதில் போட வேண்டும். போட்டால் அவள் விதவை. வீட்டைப் பூட்டிக்கொண்டு, வேறு தீவிலிருந்த பிறந்த வீட்டுக்கே போய்விட வேண்டும். படகுகூடத் துறையில் தயாராக நின்றது.

அன்று காலை கடற்காகம் கூரையில் வந்து உட்கார்ந்தது.

"தெயானோ, உனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது."

"நிக்கோனா? சொல்லு ராசா, சொல்லு!"

"எவாங்கெலியோன் எங்கே? ஒரு சுட்ட மீனை வை, சொல்கிறேன்."

"துக்க வீட்டில் மூன்று நாளாய் அடுப்பே மூட்டவில்லை. மீனுக்கு நான் எங்கே போவேன்? இப்போது சொல்லு, நாளைக்கு மூன்று மீன் சுட்டுத் தருகிறேன்."

"நாளை என்கிற பேச்சே என்னிடம் செல்லாது" என்று அது அலகை மூடிக்கொண்டது.

பிலோன் கத்தியோடு வந்தான். "அண்ணி, நேரமாயிற்று. அந்தப் பேராசைக்காரப் பறவை மீனுக்காக என்ன வேண்டுமானாலும் சொல்லும். நம்பாதீர்கள்."

தெயானோ பின்னலை அவிழ்த்தாள். கத்தியை வாங்கிக் கழுத்தோரம் கொண்டுபோனாள்.

அந்த நேரத்தில்தான் கடலைத் தாண்டி, களைத்துப்போய், ஒரு தகைவிலான் குருவி வந்தது. ஊருக்குப் புதுசு. சட்டமாவது கிட்டமாவது, அதற்கு என்ன தெரியும்?

"ஐயோ, வேண்டாம்! வேண்டாம்!" என்று கத்திக்கொண்டே கத்தியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. "கப்பல் வருகிறது! கிழக்கு முனைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது! அதன் பாய்மரத்தில் இளைப்பாறிவிட்டுத்தான் வந்தேன். காது கிழிந்த ஒருவன் உள்ளங்கையில் தண்ணீர் வைத்துக் கொடுத்தான். 'என் தெயானோ வாசலில் நிற்பாளா, நிற்பாளா' என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தான்!"

பிலோன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "காதா? சின்ன வயசில் தூண்டில் வீசி நான்தானே அண்ணி அதைக் கிழித்தேன்!"

அவ்வளவுதான். தெயானோ கத்தியை வீசிவிட்டுத் தலைவிரிகோலமாய்த் துறைக்கு ஓடினாள். ஊரும் பின்னாலேயே ஓடியது.

கடற்காகத்துக்கு வந்ததே கோபம்! "அடப்பாவி! ஒன்றும் வாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாயே! எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே!"

"வாயில் அடங்கவில்லையே, நான் என்ன செய்ய?" என்றது தகைவிலான்.

நிக்கோனின் கையை விடாமல் பிடித்தபடியே தெயானோ திரும்பி வந்தாள். "உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்! என்ன எவாங்கெலியோன் வேண்டும், கேள்!"

"எனக்குச் சர்க்கரை எதற்கு? அந்தக் கப்பலைப் பார்த்ததிலிருந்து சந்தோஷம் தாங்கவில்லை. செய்திதான் எவாங்கெலியோன். வழியிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது."

தெயானோ சிரித்தாள், அழவும் செய்தாள். "நீ கேட்காவிட்டால் என்ன, நான் தருவேன். எங்கள் வீட்டு விட்டம் உனக்கு. கூடு கட்டிக்கொள்."

இந்தப் பேச்சு தீவு தீவாகப் பரவியது. ஜனங்கள் பரிசை மறந்து, செய்தியையே எவாங்கெலியோன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வெகுகாலம் கழித்து, எல்லாருக்குமான ஒரு நல்ல செய்தியைக் கூலி வாங்காமல் ஊர் ஊராகச் சொல்லப் புறப்பட்டவர்கள் அதற்கு ஒரு சொல் தேடினார்கள். இது தயாராக இருந்தது. நாம் அதைச் சுவிசேஷம் என்கிறோம்.

அன்று முதல்தான் கடற்காகம் மீன் கேட்டுப் படகுக்குப் படகு கத்திக்கொண்டு அலைகிறது. அதனிடம் யாரும் செய்தி கேட்பதில்லை. தகைவிலான் மனிதர் வீட்டுக்குள் கூடு கட்டுவதும் அன்று முதல்தான். அது உள்ளே வந்தால் யாரும் கதவைச் சாத்துவதில்லை.