சம்மதம், ஓவர்

நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் சிப்பிக்கரைக்குப் போய், அந்தோணிப்பிச்சை வீட்டுச் சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள்.

சிப்பிக்கரை அமெச்சூர் ரேடியோ சங்கத்தில் மூன்றே பேர். அந்தோணிப்பிச்சை தலைவர், குருசுமிக்கேல் செயலாளர், சூசைநாதன் பொருளாளர். வெறும் உறுப்பினர் என்று யாரும் கிடையாது. ரேடியோவில் யார் பேசினாலும், காதில் விழுந்ததோ இல்லையோ, “அஞ்சு ஒம்பது, பிரமாதம்!” என்பார்கள். ரேடியோக்காரர் பாஷையில் அது முழு மார்க். அடுத்த மூச்சிலேயே, “உங்க பேரென்ன, மறுபடி சொல்லுங்க” என்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி அளந்துவிட முடியவில்லை. தலைவர் மகள் ரெஜினாவைத் தன் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டுப் போன கோத்தகிரி ஞானதிரவியமும் ரேடியோக்காரர். போனில் சொல்வது கௌரவக் குறைச்சல், முடிவை ரேடியோவில்தான் சொல்வேன் என்றிருந்தார்.

“முக்கியமான விஷயம். என் குரல் தெளிவா வருதுன்னு நீங்க சொன்னாத்தான் சொல்வேன். எப்படி வருது? ஓவர்.”

“பானைக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி வருதுங்க. ஓவர்,” என்றார் தலைவர். மகள் விஷயமாச்சே, பொய் சொல்லலாமா?

“டோன் குமிழை வலப்பக்கம் திருப்புங்க. அடிச்சத்தம் குறைஞ்சு குரல் எடுப்பா வரும்.”

தலைவர் குமிழில் கை வைத்தார். மிக்கேல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருங்க தலைவரே. யாருக்கு வலம்? அவரு மலையில இருந்து நம்மளைப் பார்த்துப் பேசுறாரு. அவருக்கு வலம்னா நமக்கு இடம்.”

“அவரு வீடு எந்தத் திசை பார்த்ததுன்னு கேட்காமப் போயிட்டோமே,” என்று வருந்தினார் சூசைநாதன்.

பேசித் தீர்த்தார்கள். மரியாதைக்கு அவர் பக்கம் கொஞ்சம், உரிமைக்கு நம் பக்கம் கொஞ்சம். குமிழ் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

“இன்னும் பானைதாங்க.”

“அப்போ அந்த இரைச்சலைக் குறைச்சுப் பாருங்க.”

“இந்த ‘உஸ்’ஸுங்கிறது நம்ம ஊர்க் கடலா, அவரு ஊர்க் கடலா?” என்றார் மிக்கேல்.

“கோத்தகிரியில ஏதுய்யா கடல்?” என்றார் தலைவர்.

“அப்ப நம்ம கடல்தான் அங்க போயி, குளிர் தாங்காமத் திரும்பி வருது.”

சூசைநாதன் ஓடிப்போய் ஈரச் சாக்குகளை அள்ளி வந்து கடல் பக்கத்து ஜன்னலை அடைத்தார். அறை இருட்டியது. இரைச்சல் இருந்தபடியே இருந்தது.

“யோவ், உள்ள வந்த கடல் வெளிய போக வழியில்லாமப் பண்ணிட்டியே!” என்று தலைவர் கடிந்துகொண்டார்.

மலையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. “ஸ்பீக்கர் பெட்டி எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?”

“சுவரைப் பார்த்துங்க. பின்னால இருக்கிற ஒயரெல்லாம் வர்றவங்க கண்ணுல படட்டும்னு அப்படி வெச்சோம்.”

“அட ஆண்டவரே! ஸ்பீக்கருக்கு முன்னால போய் உட்காருங்கய்யா!”

ஸ்பீக்கருக்கு முன்னால் சுவர்தான் இருந்தது.

“பெட்டியைத் திருப்பிட்டா என்ன?” என்றார் சூசைநாதன்.

“திருப்பவா சொன்னாரு? உட்காரத்தானே சொன்னாரு?” என்றார் மிக்கேல்.

கடப்பாரை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தலைவர் மனைவி பிலோமியின் அடுப்படி. கொதிக்கிற மீன் குழம்பில் செங்கல் விழுந்தது. பிலோமி அகப்பையை ஓங்கியபடி பார்த்திருக்க, மூன்று பேரும் ஓட்டைக்குள் நுழைந்து அடுப்பு ஓரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள்.

வந்தது பாருங்கள் குரல்! பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசுவது போல அத்தனை சுத்தம்.

“இப்போ தெளிவா இருக்கா? ஓவர்.”

“தெளிவோ தெளிவு!” என்று தலைவர் கூவினார். ஆனால் மைக் அந்த அறையில் அல்லவா இருந்தது? மிக்கேல் ஓட்டை வழியே ஊர்ந்து திரும்பிப் போய் மைக்கைப் பிடித்தார். ஞானதிரவியம் மறுபடி கேட்டார். மிக்கேல் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தார்.

“இல்லைங்க, பானைதான். ஓவர்.”

“யோவ், தெளிவா கேக்குதுய்யா!” என்று அடுப்படியிலிருந்து அலறினார் தலைவர்.

“அங்க கேக்கும் தலைவரே. மைக் இங்கல்ல இருக்கு? இங்க இல்லாததை நான் எப்படிச் சொல்லுவேன்?”

ஞானதிரவியம் பொறுத்துப் பார்த்தார். மறுநாள் பஸ் பிடித்து சிப்பிக்கரைக்கே வந்து, வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, “எங்களுக்குப் பூரண சம்மதம்!” என்றார்.

சங்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

“குரல் அஞ்சு ஒம்பது,” என்றார் சூசைநாதன். “ஆனா இது கோத்தகிரியில இருந்து வரலையே.”

ஞானதிரவியம் யோசித்தார். அவரும் ரேடியோக்காரர்தானே, நியாயம் என்று பட்டது. அடுத்த பஸ்ஸில் கோத்தகிரிக்கே திரும்பிவிட்டார்.

ரெஜினா தலையில் அடித்துக்கொண்டாள். “அப்பா! அதான் வாசல்ல நின்னு சம்மதம்னு சொல்லிட்டாரே!”

“சொன்னாரும்மா,” என்றார் தலைவர். “ஏரியல்கூட இல்லாமச் சொன்னாரு. அதை எப்படி நம்புறது?”