கடலோடு பேசிய சுரபுன்னை

அந்தக் காலத்தில் மரங்களுக்குப் பேச்சும் இருந்தது, நடையும் இருந்தது. நடந்ததைவிடப் பேசியதே அதிகம். ஓர் இடம் பிடித்துப்போனால் அங்கேயே வேரை இறக்கிக்கொண்டு ஊர்க்கதை பேசும். சலித்துப்போனால் வேரைப் பிடுங்கிக்கொண்டு வேறு கரைக்குப் போகும். கடலும் இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. மணல்மேடுகளுக்கு அப்பால், இரைச்சல்கூடக் காதில் விழாத தூரத்தில் இருந்தது.

ஆறு முடிகிற இடத்தில் ஒரு காடு இருந்தது. அதற்குத் தலைவன் மருதையன் என்ற மருதமரம். வெள்ளைப் பட்டை, கட்டிப்பிடித்தால் கை எட்டாத அடிமரம், மறுகரை நாணல் வரைக்கும் கேட்கிற குரல். அவனோடு ஒரே வெள்ளத்தில் விதையாக மிதந்து வந்து, ஒரே சேற்றில் முளைத்தவள் சுரபுன்னை. அதனால் அவள் அவனுக்குத் தங்கச்சி. காட்டுக்கு நடுவே ஒரு குளம். அதன் தண்ணீர் இனிக்கும். அங்கே உயிரோடு இருந்த எல்லாமே அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இருந்தன.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வழியாக வருகிறவரை யார், எவர் என்று கேட்கக் கூடாது. முதலில் இடம் கொடுக்க வேண்டும். காட்டில் பாதிப் பேர் ஆற்றில் அடித்துவரப்பட்டவர்கள்தாம். கேட்க ஆரம்பித்தால் யாருடைய வாயை யார் மூடுவது? ஆகவே ஒரு நாள் கிழக்கிலிருந்து ஒரு சின்ன நீர்க்கோடு மணலில் ஊர்ந்து வந்து, "களைப்பாக இருக்கிறது, கொஞ்சம் படுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டபோது, மருதையன் தானே முன்னால் வந்து தாழ்வான இடமாகப் பார்த்துக் காட்டினான். அது படுத்த இடத்தில் வெள்ளையாக ஏதோ படிந்ததை எல்லாரும் பார்த்தார்கள். வழக்கத்தை மீறக் கூச்சப்பட்டு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அது கொஞ்சம் அதிகமாக வந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். தாழ்வில் இருந்த புல்லெல்லாம் கருகியது. ஒரு காலையில் பார்த்தால், ஓர் இலுப்பை நின்றவாக்கிலேயே பட்டுப்போயிருந்தது. அப்போதுதான் காட்டுக்கு உறைத்தது. வந்திருப்பது விருந்தாளி இல்லை.

மருதையன் நாரையைக் கூப்பிட்டான். "போயி அது எம்மாம் பெருசுன்னு பாத்துட்டு வா. அக்கரையில யாரு இருக்காங்கன்னும் கேட்டுக்கிட்டு வா."

நாரை திரும்பி வந்தபோது இறகெல்லாம் உப்புப் பூத்திருந்தது. குளத்தில் ஒரு வாய் குடித்த பிறகுதான் அதற்குப் பேச்சு வந்தது.

"அக்கரைன்னு ஒண்ணு இல்லண்ணே. பறந்தேன், பறந்தேன், வானம் எறங்கி அது மேல படுத்துக்கிட்ட எடம் வரைக்கும் பறந்தேன். அதுக்கு அந்தாண்டயும் அதேதான் இருக்கு."

அப்படி ஒன்று இருக்க முடியும் என்று காட்டில் யாரும் நினைத்ததில்லை.

"எம்மாம் பெருசா இருந்தா என்ன?" என்றான் மருதையன். "இது நம்ம மண்ணு. ஒரு பிடி விடமாட்டேன். பெரிய மரமெல்லாம் எங்கூட வாங்க, தோளோட தோளு சேத்து நிப்போம்."

நாவல்மரம் மேற்கே போய்விடலாம் என்றது. "கொளத்தத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா போவ?" என்று யாரோ கேட்டதும் அடங்கிவிட்டது. நாணல்கள் யார் பேசினாலும் தலையாட்டிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சுரபுன்னை மெல்லக் கேட்டாள். "அண்ணே, அதுகிட்ட ஒரு வார்த்த பேசிப் பாத்தா என்ன?"

"என்னத்தப் பேசுவ? வீட்டுக்குள்ள பூந்தவன்கிட்ட ஒனக்கு எந்த மூல வேணும்னா?"

"அதுக்கு என்னதான் வேணும்னு தெரிஞ்சுக்கலாமுல்ல?"

"பேசப் போனாலே பாதியக் குடுத்தாச்சுன்னு அர்த்தம். கரையத் தாண்டி ஒரு கால் வெச்சே, அப்பறம் நீ இந்தக் காட்டுக்காரி இல்ல. எனக்குத் தங்கச்சியும் இல்ல."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தொல்லையே அதுதான். ஒருவர் முட்டாளாக இருந்திருந்தால் காட்டுக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

மறுநாள் விடிந்தபோது கடல் எழுந்து நின்றது. அதுவரை படுத்தே பார்த்த ஒன்று எழுந்து நிற்பதைக் காடு அன்றுதான் பார்த்தது. உதித்த சூரியன் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. அந்த வெளிச்சம் உள்ளே ஊடுருவியதில், அதன் வயிற்றில் பெரிய பெரிய மீன்கள் நிதானமாகப் போய்வருவது தெரிந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. ஓட வேண்டும் என்பதையே மறந்து அணில்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

பிறகு அது வந்து மோதியது.

தோளோடு தோள் சேர்த்து நின்ற மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மருதையன் மட்டும் சாயவில்லை. பட்டை உரிந்தது, கிளைகள் முறிந்தன, அவன் நின்றான். அவன் அகலத்துக்குப் பின்னால் குளம் இருந்தது. அதில் ஒரு சொட்டு உப்புநீர்கூட விழவில்லை. பொழுது சாயும்போது கடல் சற்று ஓய்ந்து, அவனை மேலும் கீழும் பார்த்தது. ஒரு மரம் இவ்வளவு செய்யும் என்று காடும் நினைக்கவில்லை, கடலும் நினைக்கவில்லை.

ஆனால் உப்பு அவன் வேருக்குள் போயிருந்தது. நுனியிலிருந்து அவன் காய்ந்துகொண்டே வருவது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. நாளைக்கு அவன் இருக்கமாட்டான்.

சுரபுன்னை வேரைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். அவனைத் தாண்டும்போது நின்றாள்.

"போவாத" என்றான் அவன். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"ஒங்களுக்குப் பின்னாடி கொளம் இருக்குண்ணே. நீங்க விழுந்துட்டா அப்பறம் அதுக்கு யாரு?"

"எம் மூஞ்சியில முழிக்காத."

அவள் அழுதுகொண்டேதான் கரையைத் தாண்டிக் கடலில் கால் வைத்தாள். எரிந்தது. ஒரு கால் போதாமல் தள்ளாடினாள். இடுப்பிலிருந்து ஒரு வேரை இறக்கி ஊன்றினாள். அதுவும் போதவில்லை. கிளைகளிலிருந்துகூட வேரை இறக்கி, பல காலில் நின்ற பிறகுதான் நிமிர முடிந்தது. கிளைகளில் அவளுடைய முதல் காய்கள் அப்போதுதான் பிடித்திருந்தன.

"சண்டைக்கு வந்தாயா?" என்று கேட்டது கடல். அந்தக் குரல் முன்னாலிருந்து வரவில்லை. அவள் நின்ற சேறே பேசுவது போலிருந்தது.

"இல்ல. பேச வந்தேன்."

"எல்லா இடத்திலும் முதல் நாளே பேச வருவார்கள். நான் பதில் சொல்வதில்லை, அவர்கள் மேல் ஏறிப் போய்விடுவேன். இங்கே ஒருவன் ஒரு பகல் முழுக்க என்னை நிறுத்திவைத்தான். அப்படி யாரும் செய்ததில்லை. அவனுக்காகத்தான் உன்னைப் பேச விடுகிறேன். சொல்."

அவளுக்குத் திரும்பி அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவன் கேட்கமாட்டான்.

"ஒன்ன வராதேன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. வா. எங்காலுக்குள்ள பூந்து வா, திரும்பிப் போ. எம் முதுகுக்குப் பின்னாடி மட்டும் வராத."

"என்ன தருவாய்?"

"நெழல் தாரேன்."

அவ்வளவு பெரியதற்கு நிழல் எதற்கு என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

"உன் கிளையிலிருந்து விழுகிற பிள்ளைகளைக் கொடு" என்றது கடல். "ஒவ்வொன்றையும்."

சுரபுன்னை காய்களைப் பார்த்தாள். கரையைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணனுடைய பட்ட கிளைகளுக்கு நடுவே குளம் மின்னிக்கொண்டிருந்தது. அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த எதற்கும் இங்கே என்ன விலை பேசப்படுகிறது என்று தெரியாது. கடல் அவசரப்படுத்தவில்லை.

"சரி" என்றாள். "விழுறதெல்லாம் ஒன்னோடது. எப்ப விடணுங்கறது மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

காய் பழுத்தால் எந்த மரமும் விட்டுவிடும் என்பது கடலுக்குத் தெரியும். ஒப்புக்கொண்டது. அவள் வேர்களை ஒருமுறை தொட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிற்று. கடல் பின்னால் போவதை அந்தக் காடு முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

மருதையன் நின்றபடியே செத்தான். கடைசி வரை அவள் பக்கம் முகம் திருப்பவில்லை. அவனுடைய மருதச் சனம் ஆற்றோடு மேலேறி, உப்பு எட்டாத கரைகளில் போய்க் குடியேறிக்கொண்டது. மிச்சம் இருந்தவர்கள் சுரபுன்னையைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். குளத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டேதான் ஏசினார்கள். அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் பேச்சு முறிந்துவிடும் என்பதால், அவள் கரைக்குத் திரும்பவில்லை.

காய்கள் பழுத்தன. கடல் வந்து காலடியில் நின்றது.

"விடு."

"இன்னும் இல்ல."

காற்றடித்தது. அவள் விடவில்லை. விதை காய்க்குள்ளேயே கண் விழித்தது. காயைக் கிழித்துக்கொண்டு கீழ்ப்பக்கமாக ஒரு வேர்முனை எட்டிப் பார்த்தது. அவள் தன் சாற்றையே ஊட்டினாள். அது முருங்கைக்காய் நீளத்துக்குப் பச்சையாக வளர்ந்து தொங்கியது, நுனி கூராயிற்று, கனம் ஏறிற்று. மரம் எங்கும் பிள்ளைகளின் பாரம். கிளையெல்லாம் வலித்தது. பிறந்த பிள்ளையை இடுப்பிலேயே வைத்துக்கொண்ட மரத்தை அதுவரை உலகம் பார்த்ததில்லை.

"என்ன செய்கிறாய்?" என்று கேட்டது கடல்.

"நிக்கக் கத்துக்குடுக்கறேன்."

ஒரு நாள், தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்த நேரம் பார்த்து, அவள் ஒன்றை விட்டாள். அது நேராக இறங்கிச் சேற்றில் குத்தி நின்றது. இன்னொன்றை விட்டாள். அது ஒரு வேரில் இடித்துக்கொண்டு சாய்ந்து விழுந்தது. நிமிர்த்த அவளுக்குக் கை எட்டவில்லை.

கடல் திரும்பி வந்தது. சாய்ந்து கிடந்ததைத் தூக்கிக்கொண்டது. நின்றிருந்ததைச் சுற்றி வந்து பார்த்தது. இழுத்தது. அது ஆடியது, வரவில்லை. மறுபடி இழுத்தது.

"இது என்னுடையது" என்றது கடல்.

"ஒன்னோடதுதான்" என்றாள் சுரபுன்னை. "ஒன்னுக்குள்ளதான் நிக்கிது. நிக்கட்டுமே."

அவ்வளவு பெரிய கடல், அந்தச் சின்னஞ்சிறு பிள்ளைக்கு முன்னால் வெகுநேரம் அசையாமல் நின்றது. பிறகு கொடுத்த வாக்கின்படி மெல்லத் திரும்பிப் போனது, தூக்கியதைக் கீழே வைக்காமல்.

அன்று தொடங்கித்தான் கடல் சுரபுன்னைக் காட்டின் காலுக்குள் புகுந்து வருகிறது, திரும்பிப் போகிறது. சுரபுன்னையும் அன்றிலிருந்துதான் காயை வெறும் காயாக உதிர்ப்பதில்லை. கிளையிலேயே முளைக்கவைத்து, வேர் கூராகும் வரை சுமந்து, அதன் பிறகே விடுகிறது. சில சேற்றில் நின்றுவிடும். சிலவற்றைக் கடல் கொண்டுபோய்விடும். கையில் இருப்பது நிற்கப்போகிற பிள்ளையா, கடலோடு போகப்போகிற பிள்ளையா என்று, விடுகிற நேரத்தில் சுரபுன்னைக்குத் தெரியாது.