ஆற்றுக்கு வராத அழுக்கு

முன்னொரு காலத்தில் ஒரு மகாராஜா இருந்தார். எந்த நாட்டு மகாராஜா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நாட்டில் கன்னலாறு ஓடியது, நமக்கு அது போதும். அரண்மனையைத் தொட்டுக்கொண்டு இறங்கும் அந்த ஆறுதான் கீழே ஏழு ஊருக்கும் குடிதண்ணீர். சாயப்பாளையத்தார் அதில் சாயத்தண்ணீரை விட்டார்கள். மற்ற ஊர்க்காரர்களும் தங்களால் ஆனதைக் கொட்டினார்கள். ஆறு கறுத்தே போய்விட்டது.

மகாராஜாவுக்குக் கோபம் வந்தது. "ஓராண்டுக்குள் அழுக்கு குறையாவிட்டால் சாயப்பாளையத்தார் நாட்டை விட்டே போக வேண்டும்" என்று ஆணை போட்டார். முந்நூறு குடும்பம், ஐயா! எங்கே போவார்கள்?

ஆண்டு முடிகிற சமயம், கடைசி ஊரில் தேரோட்டம் பார்க்கப் போன மகாராஜா ஆற்றில் இறங்கினார். முழங்கால் தண்ணீரில் தம் கால்விரல் தெரிவதைப் பார்த்து அப்படியே அசந்து நின்றார். சாயப்பாளையத்தார் போகக் கூடாதென்று அழுக்கைக் குறைத்தது நாங்கள் எல்லாரும்தான் என்றார்கள் ஏழு ஊராரும்.

யானைக் கொட்டாரத்துக்கு அதிகாரி தளவாய் சிங்கராயர். சாயப்பாளையத்து மண்ணில் யானைகளுக்குக் கரும்பு போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "பிரபோ, இது மழை செய்த வேலை. இவர்கள் அழுக்கைக் குறைத்தது உண்மையானால், குறைந்த அழுக்கு எங்கே?" என்று அவையில் கேட்டார்.

அவையில் பூவராகன் என்றொரு விகடன் உண்டு. மகாராஜா அவன் பக்கம் திரும்பினார். "பூவராகா! சாயப்பாளையத்தாருக்காக ஓயாமல் பரிந்து பேசுகிறாய். ஆற்றுக்கு வராத அழுக்கை நாளைக் காலை என் கண்ணில் காட்டு. இல்லையேல் அவர்களோடு நீயும் மூட்டை கட்டு."

வராததைக் காட்டுவதாம்! அவையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூவராகனோ பணிவாக, "எங்கே கொட்டட்டும், மகாராஜா?" என்றான்.

"என் முற்றத்திலேயே கொட்டு!"

கொட்டினானே படுபாவி! விடிந்ததும் ஏழு ஊர் வண்டிகளும் வரிசையாக வந்து அரண்மனை முற்றத்தில் கவிழ்ந்தன. குழி வெட்டித் தேக்கி, வடித்து, வருஷம் முழுக்கக் காயவைத்த அழுக்கு அது. நீலமும் சிவப்புமாகச் சாயச்சேறு, தோல் ஊறிய சுண்ணாம்புக் கசடு, சலவைத்துறை உவர்மண். குவியல் கோட்டைக் கதவையே மறைத்துவிட்டது.

மகாராஜா மூக்கைப் பொத்தக்கூட மறந்துபோனார். "இத்தனையுமா? இத்தனையுமா நம் ஆறு வருஷா வருஷம் குடித்துக்கொண்டிருந்தது?"

சிங்கராயர் விடுவாரா? "எந்தக் குப்பைமேட்டில் வாரியதோ! இவ்வளவு என்று கணக்குச் சொல்வது இவர்கள்தானே! தன் அழுக்கைத் தானே அளப்பவன் கூட்டித்தானே சொல்வான்?"

சாயப்பாளையத்துக்கு அடுத்த ஊர்க்காரி உலகம்மை முன்னால் வந்தாள். கையில் நீளக் கயிறு.

"அவங்க அளக்கலீங்க சாமி, நாங்க அளந்தோம். கூடைக்கு ஒரு முடிச்சு. அவங்க விடுற தண்ணியக் குடிக்கிறவ நான். ஒரு முடிச்சு அதிகமாப் போட எனக்கென்ன கிறுக்கா? எங்க அழுக்க எங்களுக்குக் கீழ இருக்கவங்க அளந்தாங்க. கடைசி ஊருக்குக் கடக்கரை மீன்காரங்க அளந்தாங்க."

ஏழு கயிறுகளும் மகாராஜாவின் காலடியில் நீண்டன. அத்தனையும் முடிச்சு. எட்டாவதாகவும் ஒரு கயிறு கிடந்தது. அதை எடுத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவினார். ஒரு முடிச்சுகூட இல்லை.

"இது எந்த ஊர்க் கயிறு?"

முதல் ஊர் நாட்டாண்மை மாடக்கண்ணு பூவராகனைப் பார்த்தான். பூவராகன் கண்ணைக் காட்டவும் சொன்னான்: "அரண்மனைக் கயிறுங்க மகாராசா. ஒங்களுக்குக் கீழ நாங்கதான இருக்கோம். அளக்கத்தான் ஒரு வருஷமா காத்துக்கிடக்கோம். யானைச் சாணி அம்புட்டும் இன்னும் ஆத்துலதான் வருது."

தலை போகப்போகிறது என்றே எல்லாரும் நினைத்தார்கள். மகாராஜா கயிற்றைப் பார்த்தார், குவியலை அண்ணாந்து பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"பூவராகா! என் ஆணைப்படி நாட்டை விட்டுப் போக வேண்டியவன் நான்தான் என்று என் முற்றத்திலேயே கொட்டிக் காட்டிவிட்டாயே!"

சாயப்பாளையத்தார் மீதிருந்த ஆணை அந்தக் கணமே ரத்தானது. முத்துமாலை பூவராகன் கழுத்துக்குப் போனது, சாணிக்கூடை சிங்கராயர் தலைக்குப் போனது. மறுநாள் மாடக்கண்ணு எட்டாவது கயிற்றில் முதல் முடிச்சைப் போட்டபோது, மகாராஜா கைகட்டி நின்று பார்த்தார்.