டிரா கேட்டவள்

“கையில இருந்த ஆட்டத்தை எதுக்கு மாஸ்டர் டிரா பண்ணினா?” என்று கேட்டார் குணசீலன்.

அவர் மகள் மேகவர்ஷினி கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வெகுநேரமாயிற்று. போன போட்டியில் தோற்றதற்கு, பார்க்கிங்கில் எல்லார் முன்னாலும் அவரிடம் அறை வாங்கியவள்.

சிறுவர் செஸ் போட்டி முடிந்து, கல்யாண மண்டபத்துக்குள் இப்போதுதான் பெற்றோரை விட்டிருந்தார்கள். வர்ஷினிக்குப் பயிற்சி தரும் மாஸ்டருக்குக் குணசீலனைவிட வயது குறைவு.

“ரெண்டே மூவ்ல செக்மேட். கதவுகிட்ட நின்ன எனக்கே தெரிஞ்சுது. இவளாப் போய் டிரா கேட்டிருக்கா! வெளிய வரட்டும், தோலை உரிச்சிடறேன்.”

மாஸ்டர் காய்களை மறுபடி அதே நிலையில் வைத்தார். வர்ஷினியின் நாற்காலியைக் காட்டினார்.

“உக்காருங்க சார்.”

உட்கார்ந்தார்.

“மேட் தெரியுதா?”

“நல்லாத் தெரியுது.”

“நிமிர்ந்து பாருங்க.”

எதிரே ஒரு கண்ணாடிக் கதவு. முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. அவரவர் பிள்ளைக்குப் பின்னால் இருக்கும் கதவில் நின்று பலகையை எட்டிப் பார்ப்பதுதான் பெற்றோர் வழக்கம். குணசீலனும் அப்படித்தான் நின்றார்.

எதிர்க் கதவுக்கு வெளியே, வர்ஷினியோடு ஆடிய பெண்ணின் அப்பா. மகளின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கவில்லை, வாய் மட்டும் அசைந்தது. அந்தப் பெண் அழக்கூடப் பயந்து நின்றாள்.

குணசீலன் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

“டிராவுக்கே இந்தப் பாடா? தோத்திருந்தா கொன்னே போட்டிருப்பான் போலிருக்கே. பாவி மனுஷன், சின்னப் புள்ளை மாஸ்டர் அது!”

“ஆட்டம் பூரா வர்ஷினிக்கு எதிர்ல இவர்தான் நின்னார்.”

குணசீலன் பலகையைப் பார்த்தார். மேட் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

“இப்ப அந்தப் பொண்ணோட நாற்காலியில உக்காருங்க சார்.”

எழுந்து மேஜையைச் சுற்றிப் போனார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். அங்கிருந்து நேராகத் தெரிந்தது, காலையிலிருந்து அவர் நின்ற கதவு.

உட்காரவில்லை.

“மாஸ்டர், நீங்களே போய் வர்ஷினியைக் கூப்பிடுங்க” என்றார். “நான் கூப்பிட்டா பயப்படுவா.”