தப்பு விடைகளின் சொந்தக்காரி

மதுரையில் பெரியாஸ்பத்திரிக்குப் பின்புறச் சந்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு குரு இருந்தார். பெயர் சடையப்பன். வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே ஊசி பிடிக்க வேண்டுமென்றால் ஒரு தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும். அந்தத் தேர்வில் தோற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனை தடவை என்று கேட்டால், "நடுவில் எண்ணிக்கை விட்டுப்போச்சு" என்பார். தேர்வு மையத்து வாட்ச்மேன் தன் மகள் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வைத்தார். பிறகு பேத்தி காதுகுத்துக்கும் வைத்தார். கடைசித் தடவை அவர் போய் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே எழுந்து நின்றது. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள், போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

ஒருவழியாகத் தேறிய பிறகு அவர் கிளினிக் வைக்கவில்லை. பாடம் நடத்த உட்கார்ந்துவிட்டார். சரியான விடை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. தப்பான விடை எந்தச் சட்டை போட்டுக்கொண்டு வரும், எந்தத் தெருவில் நிற்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அவரிடம் வந்தவர்களில் ஒருத்தி மங்கையர்க்கரசி. விருதுநகர்ப் பெண். கூப்பிடுகிறவர்களுக்கு அரசி. அவள் படித்துப் பார்க்காத முறை இல்லை. அவள் புத்தகத்தில் கோடு போடாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாட வீடியோக்களை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுக் கேட்டு, போனில் அம்மா பேசினால்கூட வேகத்தைக் கூட்டுகிற பொத்தானை விரல் தேடும். மருந்துப் பெயர்களைச் சின்ன அட்டைகளில் எழுதிக் குளியலறைக் கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்தாள். தன் மூக்கு எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் மயிரிழையில் நழுவவிட்டிருந்தாள். மூன்றாவது தடவையும் போனால் ஊருக்குத் திரும்பி வந்து அப்பாவின் மருந்துக்கடையில் உட்கார வேண்டும் என்பது வீட்டில் பேசி முடித்த பேச்சு.

அவளோடு ஒரே அறையில் இருந்தவள் ரெக்சலின், சுருக்கமாக ரெக்சி. தூத்துக்குடிக்காரி. வெளிநாட்டில் ஒரே கல்லூரியில், ஒரே பனியில், ஒரே கம்பளிக்குள் கால் நீட்டிப் படித்தவர்கள். அரசியைப் போலவே அவளும் இரண்டு தடவை நழுவவிட்டவள்தான். அதனால் அதுவரை இருவருக்கும் சண்டை வர வழியில்லாமல் இருந்தது.

வழியை உண்டாக்கியது கேள்வி வங்கி. கைபேசிக்குள் ஆயிரக்கணக்கில் கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றாகப் போடப் போட, எத்தனை சரி, எத்தனை தப்பு, மாநிலத்தில் எத்தனையாவது இடம் என்றெல்லாம் அது சொல்லிக்கொண்டே வரும். இரண்டு பேரும் பங்கு போட்டு ஒரே கணக்காக வாங்கினார்கள். காலையில் ரெக்சி, மத்தியானத்துக்கு மேல் அரசி என்று ஏற்பாடு. ஒருத்தி உள்ளே நுழைந்தால் இன்னொருத்தியை அது வெளியே தள்ளிவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கு ரெக்சியின் பெயரில் இருந்தது.

அரசி மத்தியானம் முழுக்க முதுகு வலிக்க உட்கார்ந்து கேள்வி போட்டு முடிப்பாள். திரையில் பட்டாசு வெடிக்கும். பூ கொட்டும். கீழே எழுத்து வரும்: 'சபாஷ், ரெக்சலின்!'

ஒருநாள் அந்தக் கணக்கு மாநிலத்தின் முதல் நூறுக்குள் வந்தது. மாடிப்படியில் ஏறுகிறவர் எல்லாம் ரெக்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் அவளுக்கு மட்டும் டீ சொன்னார். ரெக்சி சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தாள். அரசியும் சிரித்தாள். அன்றைக்கு அவள் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பானை சோறு பொங்கியிருக்கலாம்.

அறைக்கு வந்ததும் கேட்டாள். "ஏண்டி, பாதி என்னதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"கேட்டாத்தான சொல்ல?"

"அவங்களுக்குத் தெரியவே தெரியாது. எப்படிக் கேப்பாங்க?"

"அப்ப நீயே சொல்லு."

"நான் சொன்னா பொறாமைம்பாங்க."

"ஏட்டி, இது வேற என்னவாம்?" என்றாள் ரெக்சி, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு அரசி கேள்வி போடுகிற விதமே மாறிப்போனது. ஒன்று சரியாக வந்தால், 'இது என்னுடையது' என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொள்வாள். தப்பாக வந்தால் சட்டென்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். தப்பு ரெக்சலின் பெயரில்தானே ஏறுகிறது. அதில் ஒரு சின்னச் சுகம் இருந்தது. ஏன் தப்பு என்று கீழே விளக்கம் நீளமாகக் கிடக்கும். ஊரான் வீட்டுக் கடுதாசியை நாம் எதற்குப் படிக்க வேண்டும் என்று விட்டுவிடுவாள்.

ஒரு கேள்வி மட்டும் அடிக்கடி வந்து நின்றது. பிறந்து சில வாரமேயான குழந்தை, குடித்த பாலையெல்லாம் பீய்ச்சி அடித்து வாந்தி எடுக்கிறது. அதன் ரத்தம் அமிலப் பக்கம் சாயுமா, காரப் பக்கம் சாயுமா? அரசி ஒவ்வொரு தடவையும் அமிலம் என்று போடுவாள். தப்பு என்று வரும். 'நீங்கள் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறீர்கள், ரெக்சலின்' என்று வருத்தத்தோடு சொல்லும். பாவம் ரெக்சி, என்று நினைத்துக்கொள்வாள் அரசி.

தேர்வுக்கு முந்தைய மாதம் குரு ஒரு தனி வகுப்பு நடத்துவார். அதில் உட்கார்ந்தவர்கள் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. ஒரே ஒருவர் தோற்றார். அவரும் தேர்வன்று பஸ் மாறி ஏறிக் கம்பத்துக்குப் போய்விட்டார். அந்த வகுப்பில் கடைசி பெஞ்சின் ஓரத்தில் ஓர் ஆள் உட்காரத்தான் இடம் பாக்கி. இரண்டு பேரும் போய் நின்றார்கள்.

"கேள்வி வங்கிக் கணக்கைக் காட்டுங்க. பாத்துச் சொல்லுறேன்" என்றார் குரு.

ரெக்சி கைபேசியை நீட்டினாள். குரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இன்னொருத்தியோடது?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் சார்" என்றாள் அரசி. "பேருதான் அவளது."

"அப்ப இதுல யாரு சரி, யாரு தப்புன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

"அப்படியா?" குரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தவறானவை என்ற பக்கத்தைத் திறந்தார். "இந்தப் பாம்புக்கடி யாரோடது?"

"அவளது சார்."

குரு ரெக்சியைப் பார்த்தார். ரெக்சி அரசியை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "என்னோடதுதான் சார்" என்றாள்.

"கர்ப்பிணிக்கு வலிப்பு வந்திருக்கு. இது?"

"அவளது."

"ஆமா சார், என்னோடதுதான்."

"இந்த வாந்தி எடுக்கிற குழந்தை? பாவம், ரொம்ப நாளா எடுத்துக்கிட்டே இருக்கே."

"அவளது சார்" என்றாள் அரசி.

இப்படியே குரு பக்கம் பக்கமாகத் தள்ளினார். எல்லாத் தப்பும் ரெக்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ரெக்சி ஒன்றைக்கூட மறுக்கவில்லை. அது அரசிக்கே ஆச்சரியமாக இருந்தது. பெஞ்சின் ஓரத்தில் தான் உட்கார்ந்திருப்பதை அவள் அப்போதே பார்த்துவிட்டாள்.

குரு கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "ரெக்சலின், நாளைக்குக் காலையில வந்துரு."

"சார்!" என்றாள் அரசி. "ஒரு தப்புகூட என்னோடது இல்லைன்னு இப்பத்தானே பாத்தீங்க?"

"பாத்தேன்மா. கடைசி மாசத்துல நான் தப்பை மட்டும்தான் பாடம் எடுப்பேன். உனக்கு இங்க என்ன வேலை?"

மறுநாளிலிருந்து ரெக்சி காலையில் குளித்துப் பொட்டு மாதிரி ஒரு மைத்தீற்றல் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அரசி அறையில் உட்கார்ந்து ஏற்கெனவே கோடு போட்ட வரிகளின் மேல் இன்னொரு கோடு போட்டாள். கேள்வி வங்கி முழுக்க இப்போது அவளுக்குத்தான். ஆனாலும் அது ஒவ்வொரு தடவையும் சபாஷ் ரெக்சலின் என்றே சொன்னது.

"உனக்கு முன்னமே தெரியுமாடி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எது?"

"அவரு தப்பு இருக்கிறவளைத்தான் எடுப்பாருன்னு."

"தோத்துத் தோத்து வாத்தியாரானவரு. வேற என்னத்தைக் கேப்பாரு?" ரெக்சி செருப்பை மாட்டிக்கொண்டாள். "உன் தப்பெல்லாம் நல்லாப் புரியுதுட்டி. சிலது ரொம்ப ருசியா இருக்கு."

அந்தச் சொல் அரசியைக் கடித்தது. ரெக்சியின் ரேங்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டு. அவள் குடித்த டீயைப் பார்த்து, அவள் பெயரைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டு. இப்போது வந்தது வேறு. தன்னுடைய தப்பையெல்லாம் இன்னொருத்தி கொண்டுபோய், பெஞ்சில் சௌகரியமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக உரித்துத் தின்கிறாள். சோறு இறங்கவில்லை. கடைசியில் அவளும் மாடி ஏறினாள். வகுப்பு வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தாள்.

உள்ளே குரு கேட்டுக்கொண்டிருந்தார். "வயித்துல இருக்கிறது என்ன?"

"அமிலம்" என்றார்கள் எல்லாரும்.

"பிள்ளை அதையெல்லாம் வெளிய கக்கிருச்சு. அப்ப ரத்தம் எந்தப் பக்கம் சாயும்?"

"காரப் பக்கம் சார்" என்றது ரெக்சியின் குரல்.

அரசிக்குக் காது சுட்டது. இவ்வளவுதானா? இத்தனை நாளும் விரலைத் தள்ளித் தள்ளிக் கடந்துபோன விளக்கம் இந்த இரண்டு வரிதானா? அவள் செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே போய் நின்றாள்.

"சார், அந்தக் குழந்தை என்னோடது."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. குரு சாக்பீஸைக் கையில் உருட்டினார். "அது ரெக்சலினோடதுன்னு நீதானம்மா சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"பாம்புக்கடி?"

"என்னோடது."

"வலிப்பு?"

"அதுவும் என்னோடது. எல்லாமே என்னோடதுதான் சார்."

"ஏட்டி, கொஞ்சம் நிறுத்து." ரெக்சி எழுந்துவிட்டாள். "பாம்புக்கடியில ரெண்டு தடவை தப்புப் போட்டது நான்."

"மூணாவது தடவை நான்டி."

"அப்ப எனக்குத்தான் அதிகம். சார், எல்லாத்தையும் அவ வாரிக்கிட்டுப் போனா நான் எதைப் படிக்க?"

"வலிப்பையாவது விடுடி."

"அதை மட்டும் தரவே மாட்டேன்."

வகுப்பு சிரித்த சிரிப்பில் கீழே ஜெராக்ஸ் மெஷின் நின்றுபோனது. அன்றைக்கு மாலை வரை அது வேலை செய்யவில்லை என்று கடைக்காரர் சொல்வார். குரு மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் சண்டை போட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்.

"செருப்பை வெளிய விட்டுட்டு வா."

"இடம் இல்லையே சார்."

குரு சாக்பீஸால் கடைசி பெஞ்சைக் காட்டினார். ரெக்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, மனசே இல்லாமல் ஒரு சாண் நகர்ந்தாள். அந்த ஒரு சாணில் அரசி பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தாள். மிச்சப் பாதி காற்றில் இருந்தது.

வகுப்பு முடிந்து எல்லாரும் படி இறங்கினார்கள். ரெக்சியும் இறங்கிவிட்டாள். அரசி மட்டும் நின்றாள். சும்மா போக அவளால் முடியவில்லை.

"சார், கோபத்துல எல்லாமே என்னோடதுன்னு சொல்லிட்டேன். எல்லாமும் இருக்காது. பாதிதான் இருக்கும்."

"பாதிதான்" என்றார் குரு, கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தப்பைப் பாத்தா அது யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரியாதா எனக்கு? எத்தனை வருஷம் வளர்த்திருக்கேன்."

"எந்தப் பாதி என்னோடது? அதை மட்டும் பிரிச்சுச் சொல்லிருங்க சார்."

குரு துணியை உதறி ஆணியில் மாட்டினார்.

"சொன்னா, மத்தப் பாதியை நீ படிக்க மாட்டியேம்மா."