பேரைக் காத்த அப்பளக் கம்பெனி

ஒட்டங்குளத்தில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. ஊருக்கு வரவேண்டிய அறிவு மொத்தமும் அப்பளக் கம்பெனி பங்காளிகள் மூன்று பேரிடமே வந்து தங்கிவிட்டது, அவ்வளவுதான். மூத்தவர் தங்கப்பழம். மற்ற இருவர் அவருடைய மைத்துனர்கள் சுடலைமுத்துவும் பால்வண்ணனும்.

பினாங்கு வியாபாரி காதர்மொய்தீன் ராவுத்தர் ஒருநாள் போன் போட்டார். "தீபாவளிக்கு ஒரு கண்டெய்னர் அப்பளம் வேணும். வெள்ளிக்கிழமை உங்க வெப்சைட்ல சரக்கைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன். இல்லேன்னா கீழக்குளத்துக்காரங்ககிட்ட வாங்கிக்கறேன்."

கீழக்குளம் என்ற பேரைக் கேட்டாலே மூவருக்கும் வயிறு எரியும். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தங்கப்பழத்தின் அக்கா மகள் மாரிச்செல்வியை உடனே பிடித்தார்கள்.

"மாமா, முதல்ல வெப்சைட்டுக்கு ஒரு பேரைப் பதிவு பண்ணணும். உலகத்துல வேற யாரும் வச்சிருக்காத பேரா இருக்கணும். பேரை மட்டும் வெளிய மூச்சு விட்றாதீங்க. எவனாவது முந்திக்கிட்டுப் பதிவு பண்ணிருவான்."

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார்கள்.

"நல்ல பேரையெல்லாம் எவனாவது எடுத்திருப்பான் அத்தான். யாருக்கும் பிடிக்காத பேரா பாருங்க" என்றான் சுடலைமுத்து.

"நமக்கே பிடிக்கக்கூடாதுலே. அப்பத்தான் பத்திரம்" என்றார் தங்கப்பழம்.

கம்பெனி லாரி நம்பரும் பால்வண்ணன் மாமியாரின் பிறந்த தேதியும் சேர்ந்து முப்பத்தோரு எழுத்தில் ஒரு பேர் உருவானது. கேட்டவுடன் கிடைத்தது. போட்டிக்கு ஆளே இல்லை என்பதில் மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

அடுத்து மாரிச்செல்வி அப்பளப் படங்களையெல்லாம் ஒரு வாடகைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அதன் விலாசத்தை அனுப்பினாள். நாலு எண்கள், நடுவில் புள்ளி. "பேருக்கு நேரா இந்த விலாசத்தை எழுதுங்க மாமா. பேரைத் தட்டினா இங்க கூட்டிட்டு வரும். டிஎன்எஸ்னா அவ்வளவுதான்."

"தெருப் பேரே இல்லாம என்ன விலாசம் இது?" என்று பரிதாபப்பட்ட சுடலைமுத்து, 'பிள்ளையார் கோயிலுக்கு எதிரே' என்று கூடவே சேர்த்தான். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. பின்கோடு போட்டான். அதையும் ஏற்கவில்லை. ஏழாவது தடவை வேண்டாவெறுப்பாக வெறும் எண்களை மட்டும் எழுதினான்.

"உலகம் பூரா இந்த விலாசம் போய்ச் சேர ரெண்டு நாள்கூட ஆகும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றாள் மாரிச்செல்வி.

தொடவில்லை. மூவரும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். பெண்டாட்டிமார் தலையில் அடித்துக்கொண்டே சோறு ஊட்டிவிட்டு, தாய்வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார்கள். மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது.

"அத்தான், மொட்டைமாடியில அப்பளம் நனையுது!"

"தொடாதலே! விலாசம் இப்பத்தான் பினாங்குக்குப் போய்க்கிட்டிருக்கும். நடுக்கடல்ல நின்னுரும்."

அப்பளம் கூழாகி, மாடிக் குழாய் வழியாகத் தெருவுக்கு இறங்கியது. மூவரும் கையை இறக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வெப்சைட் திறந்தது. பளபளவென்று அப்பளப் படங்கள். தங்கப்பழம் அழுதேவிட்டார்.

வெள்ளிக்கிழமை ராவுத்தர் கூப்பிட்டார். "வெப்சைட் ரெடியா அண்ணாச்சி?"

"ஜோரா இருக்கு. உலகம் பூராத் தெரியுது."

"சந்தோஷம். பேரைச் சொல்லுங்க, பார்க்கறேன்."

தங்கப்பழம் போனைப் பொத்திக்கொண்டார். "ஏலே, பேரைக் கேட்காருலே!"

"பார்த்தியளா, எவ்வளவு நைசா கேட்காரு!" என்றான் பால்வண்ணன். "செல்வி அன்னைக்கே சொன்னாள்லா?"

தங்கப்பழம் தொண்டையைச் செருமினார். "அதை மட்டும் கேக்காதீங்க ராவுத்தரே."

"பேர் தெரியாம எப்படிய்யா பார்க்கிறது?"

"அது உங்க சாமர்த்தியம்."

கண்டெய்னர் கீழக்குளத்துக்குப் போனது. போனால் போகட்டும், பேர் தப்பித்தது என்று மூவரும் கையைக் குலுக்கிக்கொண்டார்கள்.

வெப்சைட்டின் அடியில் 'இதுவரை பார்த்தவர்கள்' என்று ஒரு எண் இருந்தது. மூன்று. ஒரு பயலும் உள்ளே வரவில்லை என்று நிம்மதியாக மூடினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி திறந்தார்கள். நான்கு.

"அத்தான், எவனோ வந்துட்டான்!"

அன்றிலிருந்து அந்தத் திருடனைப் பிடிக்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறார்கள். அவனும் சளைக்காமல் வந்துகொண்டிருக்கிறான். எண் பதினோராயிரத்தைத் தாண்டியதும் கீழக்குளத்துக்காரன்மேல் புகார் எழுதிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்விட்டார்கள்.

எஸ்.ஐ. புகாரை முழுவதும் படித்துவிட்டு, "வெப்சைட் பேரு என்ன?" என்று கேட்டார்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கப்பழம் மெல்லக் கையை நீட்டி, மேஜைமேல் இருந்த புகாரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "இவரும் அந்தக் கோஷ்டிதாம்லே, வாங்க போவோம்" என்று எழுந்து வந்துவிட்டார்கள்.