வேலியோர டிசம்பர் பூ

மலையடிவாரத்து ஜெப ஆசிரமத்தின் தலைவியை எல்லோரும் அம்மா என்று அழைத்தார்கள். அம்மாவுக்கு வயது முப்பத்தாறு. சீடர்களில் ஒருத்தியான அமலோற்பவம் ஐம்பதைத் தாண்டியவள். அதனால் அம்மா அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அமலோற்பவத்தின் கைகளுக்கு ஓய்வு கிடையாது. இயேசு பிறப்பைக் காட்டும் ஆசிரமத்துக் குடிலை அவள்தான் கட்டுவாள். ஊரில் கேட்கிற வீடுகளுக்கெல்லாம் போய் வாசலில் பூத்தோரணமும் கட்டிக் கொடுப்பாள். அவள் கட்டியதைப் பார்த்தால் அடுத்த வீட்டுக்காரர்கள் தங்கள் தோரணத்தை அவிழ்த்துவிடுவார்கள் என்று ஊரில் கேலி உண்டு.

அந்த வருடம் ஒரு வாசல் மட்டும் அவளுக்குத் திறக்கவில்லை. அது அவளுடைய தம்பி வீடு.

தம்பி ஆடியில் இறந்துபோனான். துக்க வீட்டில் ஆண்டு திரும்பும்வரை ஸ்டார் கட்டுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை. தம்பி மனைவி தெரசு அதற்கு மேலும் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். கோயிலுக்கும் வரவில்லை. அமலோற்பவம் கொண்டுபோய் வைக்கிற சாப்பாடு பாதி நாள் அப்படியே திரும்பி வந்தது. தம்பியோடு இவளும் போய்விடுவாளோ என்று அமலோற்பவம் பயந்தாள்.

ஒரு காலையில் கூடை நிறையச் செவ்வந்தியும் சம்பங்கியும் எடுத்துக்கொண்டு போனாள். வாசலுக்கு வேண்டாம், தம்பியின் படத்தைச் சுற்றியாவது ஒரு மாலை கட்டலாம் என்பது அவள் எண்ணம். ஜன்னல் பாதி திறந்தது.

“ஊர்ல அத்தனை வீடு இருக்கு மதினி. உங்க கைவேலையைக் காட்ட இந்த வீடுதான் கிடைச்சுதா?”

ஜன்னல் மூடிக்கொண்டது.

அமலோற்பவம் ஆசிரமத்துக்குத் திரும்பினாள். அம்மா குடிலுக்குள் குனிந்து வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்.

“பூவே வேண்டாங்கிற வீட்டை எப்படி அம்மா அலங்கரிக்கிறது?”

அம்மா கூடையைப் பார்த்தார். பூக்களை எடுத்துப் பீடத்தின் முன்னால் வைத்தார். காலிக் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

வழியெல்லாம் அமலோற்பவம் முணுமுணுத்தாள். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போவார்களா என்றாள். கையில் இருந்தபோதுதான் கதவு திறக்கவில்லையே என்றார் அம்மா.

தெரசு வீட்டு வேலி முழுவதும் டிசம்பர் பூ. ஊதா நிறத்தில் இலை தெரியாமல் பூத்திருந்தது. அம்மா ஜன்னலருகே நின்று குரல் கொடுத்தார்.

“தெரசு அக்கா, குடிலுக்குப் பூ வேணும். உங்க வேலியில பறிச்சுக்கட்டுமா?”

 பறித்துக்கொள்ளச் சொல்லி உள்ளிருந்து குரல் வந்தது.

தினமும் ஆசிரமத் தோட்டத்தில் ஓர் இலைகூட உதிராமல் பூப்பறிக்கிற அம்மா, கிளையோடு சேர்த்து ஒடித்தார். அமலோற்பவம் வாயைத் திறந்தாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டாள்.

இன்னொரு கிளை ஒடிந்தது.

“கிளையை ஒடிக்காதீங்க. அதுலதான் நாளைய மொட்டு இருக்கு,” என்றது ஜன்னல் குரல்.

தனக்கு இப்படித்தான் வரும் என்று சொல்லிவிட்டு அம்மா மூன்றாவது கிளையைப் பிடித்தார்.

தாழ்ப்பாள் விலகியது. தெரசு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கூடையைக் கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டாள். ஒவ்வொரு பூவையும் காம்பில் தொட்டு மெல்ல உருவினாள். ஆசிரமத்தில் இதைக்கூடச் சொல்லித்தருவதில்லையா என்று மதினியிடம் கேட்டாள். கூடை பாதி நிறைந்தபோது அவள் கை நின்றது.

“நான் பறிச்சது குடிலுக்கு ஆகுமா?”

“ஆகாதுன்னா நான் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க மாட்டேன்,” என்றார் அம்மா.

தெரசு மீதியையும் பறித்தாள்.

குழந்தை இயேசுவின் சொரூபத்தைத் திருநாள் அன்றுதான் குடிலில் வைப்பார்கள். அதுவரை தீவனத் தொட்டி காலியாக இருக்கும். அமலோற்பவம் அதைச் சுற்றி டிசம்பர் பூக்களை அடுக்கினாள். மத்தியானம் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். சாயங்காலம் குடில் பார்க்க ஊரே வந்தபோது, பூவெல்லாம் சுருண்டு கறுத்துக் கிடந்தது. இந்த வருடம் அமலோற்பவத்துக்குக் கண் தெரியவில்லை போலும் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

எல்லோரும் போனபிறகு அம்மாவிடம் வந்தாள். தெரசுவின் வாசலை அலங்கரிக்கப் போய், வேலியில் இருந்ததையும் பறித்து வந்துவிட்டோம் என்றாள்.

“செவ்வந்தி வச்சிருந்தா ஒரு வாரம் நிக்கும் அம்மா. இது ஒரு பொழுதுகூடத் தாங்கலை. எதுக்கு இந்தப் பூ?”

அம்மா வாடிய பூக்களைக் கைநிறைய அள்ளிச் செடியடியில் போட்டார். காலிக் கூடையை அவளிடம் நீட்டினார்.

“ஜனவரி ஆறு, மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் குடில் இருக்கும், அக்கா. தினமும் வாடும். தினமும் போய்க் கேளுங்க.”